பழைய கான் டிரம்பெட்: வயதும் மாடலும் பிடிபட்ட விதம்

பழைய டிரம்பெட் கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் சீரியல் எண்ணைத்தான் தேடுகிறார்கள். இரண்டாவது வால்வின், அதாவது விரலால் அழுத்தும் மூன்று உருளைகளில் நடு உருளையின், உடம்பில் இருக்கும், அதைப் படித்து ஏதாவது பட்டியலில் போட்டுப் பார்த்தால் ஆண்டு வந்துவிடும், வேலை முடிந்தது. நான் எண்ணைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஏன் என்பதற்கு இந்த டிரம்பெட்டே நல்ல உதாரணம், அதனால்தான் செய்ததையெல்லாம் எழுதி வைக்கிறேன்.

கருவி நண்பர் ஒருவருடையது. வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி "இது நூறு வருஷத்துப் பொருள்" என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. பழைய டிரம்பெட் வைத்திருப்பவர்களில் நூறு வருஷத்துக்குக் குறைத்துச் சொன்ன யாரையும் நான் பார்த்ததில்லை. மாடல் என்ன, எப்போது செய்தது, பழுது பார்த்து வாசிக்கலாமா என்பதுதான் அவர் கேள்வி.

வாங்கியவுடன் பாலிஷ் போடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுக்கும் கறையும் பள்ளமான எழுத்துகளுக்குள் தங்கியிருப்பதால்தான் தேய்ந்த பொறிப்பைக்கூடப் படிக்க முடிகிறது, பாலிஷ் போட்டால் அந்தக் கறுப்பு போய்விடும், கூடவே மிச்சமிருக்கும் உலோகமும் கொஞ்சம் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மென்மையான துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பெல்லில், அதாவது விரிந்த வாய்ப் பகுதியில், "சி. ஜி. கான் லிமிடெட், எல்கார்ட், இண்டியானா, யு.எஸ்.ஏ." என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. மேலே இன்னும் ஏதோ இருந்திருக்கிறது, ஆனால் எப்போதோ யாரோ இயந்திரத்தில் வைத்துத் தேய்த்து மறுபடி லாக்கர், அதாவது உலோகம் கறுக்காமல் காக்கும் பூச்சு, அடித்ததில் அது மங்கிவிட்டது. மறு லாக்கரைக் கண்டுபிடிப்பது சுலபம்: எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருக்கும், கீறல்களின் மேலேயே லாக்கர் படிந்திருக்கும், குழாய்களை இணைக்கும் தாங்கிகளின் இடுக்கில் சொட்டாக வழிந்து உறைந்திருக்கும். இதில் மூன்றும் இருந்தன.

அந்த ஒரே வரியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். சார்லஸ் ஜெரார்ட் கான் தன் நிறுவனத்தை 1915-இல் கார்ல் கிரீன்லீஃபுக்கு விற்றார், அதன் பிறகுதான் பெயரோடு "லிமிடெட்" சேர்ந்தது. ஆகவே 1915-க்கு முன்பு போக முடியாது. மறுபக்கம், 1969-இல் நிறுவனம் மறுபடி கைமாறி, 1970-ஐ ஒட்டிப் பித்தளைக் கருவி வேலை எல்கார்ட்டை விட்டு டெக்ஸாஸுக்குப் போய்விட்டது. எண்ணைப் பார்க்காமலே எல்லை இரண்டும் கிடைத்துவிட்டன. ஐம்பத்தைந்து வருஷ இடைவெளி பெரிதுதான், ஆனால் இனி எந்தப் பட்டியல் 1908 என்று சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை, அதுதான் லாபம்.

ஊர்ப் பெயரை வைத்துக் காலத்தைக் குறுக்கும் இந்த வழி மற்ற நிறுவனங்களுக்கும் நன்றாக வேலை செய்யும். பாக் டிரம்பெட் என்றால் நியூயார்க், 1953 முதல் மவுண்ட் வெர்னன், 1961-இல் செல்மர் வாங்கிய பிறகு 1960களின் நடுவிலிருந்து எல்கார்ட். ஓல்ட்ஸ் என்றால் 1950களின் நடுவரை லாஸ் ஏஞ்சலஸ், அப்புறம் 1979-இல் மூடும்வரை ஃபுல்லர்டன். ஹோல்டன் 1918-இல் சிகாகோவிலிருந்து விஸ்கான்சினில் உள்ள எல்க்ஹார்னுக்குப் போனது. எல்கார்ட்டும் எல்க்ஹார்னும் வேறு வேறு ஊர்கள், மாநிலமும் வேறு, அரைகுறையாகத் தேய்ந்த பொறிப்பில் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஐரோப்பியக் கருவி என்றால் நாட்டின் பெயரைப் பாருங்கள். "மேற்கு ஜெர்மனி" என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில், "செக்கோஸ்லோவாக்கியா" என்றிருந்தால் 1918-க்குப் பிறகு. அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பது 1891 முதல் சட்டம் என்பதால் அங்கே விற்பனைக்குப் போனவற்றில் பெரும்பாலும் அது இருக்கும்.

காப்புரிமை எண் பொறித்திருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் 10 லட்சமாவது காப்புரிமை 1911-இலும், 20 லட்சமாவது 1935-இலும், 30 லட்சமாவது 1961-இலும் கொடுக்கப்பட்டன. 18 லட்சத்துச் சொச்சம் என்று ஒரு எண் தெரிந்தால் கருவி 1911-க்கு முந்தையதாக இருக்க வழியே இல்லை. அது கீழ் எல்லையை மட்டும்தான் சொல்லும், ஏனென்றால் அதே காப்புரிமை எண்ணைப் பல வருஷம் தொடர்ந்து பொறித்துக்கொண்டே இருப்பார்கள். நம்ம கருவியில் அப்படி எதுவும் இல்லை.

சரி, இனி மாடல். கான் தன் மாடல்களுக்கு எண்ணும் எழுத்தும் கொடுத்தது, டிரம்பெட்டுக்கு "பி". 22பி, 12பி, 38பி என்று போகும். பெயர்களும் உண்டு: 22பி "நியூயார்க் சிம்பனி", 38பி "கான்ஸ்டெலேஷன்".

துவார அளவு, அதாவது வால்வுகள் வழியே போகும் குழாயின் உள்விட்டம், எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். இது மவுத்பீஸ் (உதடு வைத்து ஊதும் முனை) செருகும் குழாயில் எடுக்கும் அளவு இல்லை, அந்தக் குழாய் போகப் போக அகலமாவது, அங்கே எடுத்தால் என்ன வேண்டுமானாலும் வரும். இரண்டாவது வால்வின் சின்ன ஸ்லைடை, அதாவது கழற்றக்கூடிய வளைந்த குழாயை, வெளியே எடுத்து அதன் காலின் உள்விட்டத்தை அளக்க வேண்டும். ஸ்லைடு ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கி வைத்து இழுக்கிற ஆசை எல்லோருக்கும் வரும், வேண்டாம், குழாய் நசுங்கினால் அளவும் போச்சு, ஸ்லைடும் போச்சு. ஊடுருவும் எண்ணெயை மூட்டில் விட்டு ராத்திரி முழுக்க வைத்துவிட்டு, காலையில் அந்த வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்லைடின் வளைவுக்குள் பருத்தித் துணியை நுழைத்து நேராகச் சுண்டி இழுத்தேன், வந்துவிட்டது.

வெர்னியர் காலிப்பரின் உள்தாடைகள் தட்டையானவை. சின்ன வட்டத் துளைக்குள் அவற்றை வைக்கும்போது வளைவின் உச்சியைத் தொடாமல் கொஞ்சம் உள்ளேயே நின்றுவிடும், அதனால் அளவு ஒரு மயிரிழை குறைவாகக் காட்டும். அப்புறம் குழாயின் வாயில் பிசிர் இருந்தால் அதுவும் குறைக்கும், பழைய குழாய் முழு வட்டமாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு பக்கம் எடுத்துவிட்டு தொண்ணூறு பாகை திருப்பி இன்னொரு தடவை எடுக்க வேண்டும், இரண்டு கால்களிலும். 11.1 மில்லிமீட்டரை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. அங்குலத்தில் 0.438, அதாவது 11.13 மி.மீ., கானின் புகழ்பெற்ற சிறிய துவாரம். ஒப்பிடுவதற்குச் சொல்கிறேன், இன்று பரவலாக இருக்கும் பாக் எம்.எல். (நடுத்தரப் பெரிய) அளவு 0.459 அங்குலம், 11.66 மி.மீ. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், ஊதுகிறவருக்குத் தெரியும்.

ஆனால் 22பி-யும் இதே 0.438 தான். 12பி-யும் அதே. 38பி-யும் அதே. துவார அளவு மாடலைச் சொல்லிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள், சொல்லாது, எது இல்லை என்பதை மட்டும் சொல்லும்.

இங்கேதான் பெல்லின் நிறம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் லாக்கருக்கு அடியில் பெல் நல்ல சிவப்பு, வால்வுகளைச் சுற்றியுள்ள குழாய்கள் மஞ்சள். சிவப்பாகத் தெரிவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, செம்பு அதிகமுள்ள பித்தளை. சாதாரண மஞ்சள் பித்தளையில் செம்பு 70 சதவீதம், மீதி துத்தநாகம், செம்பு 85, 90 என்று ஏற ஏற நிறம் சிவக்கும். இன்னொன்று, அது பித்தளையே இல்லை, சுத்தச் செம்பு.

சுத்தச் செம்பு பெல் என்றால் கான் விஷயத்தில் ஒரே ஒரு பேச்சுதான்: கோப்ரியான். 1930களின் பிற்பகுதியில் அவர்கள் கொண்டுவந்த முறை. வழக்கமாக பெல் செய்ய வேண்டுமென்றால் தகட்டை வெட்டி, மடித்து, ஓரத்தோடு ஓரம் பற்றவைத்து, சுத்தியால் தட்டி, உருவில் வைத்துச் சுழற்றி வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். கோப்ரியானில் தகடே கிடையாது. பெல் வடிவ உருவை மின்முலாம் பூசும் தொட்டியில் இறக்கி, அதன் மேல் செம்பைப் படியவிட்டுப் படியவிட்டு, தேவையான தடிமன் வந்ததும் உருவை உருவி எடுத்துவிடுவார்கள். முலாம் பூசுகிறோம் என்று நாம் சொல்வோமே, அந்த முலாமே பெல்லாகிவிடுகிறது. அதனால் அதில் பற்றவைத்த கோடு இருக்காது.

கோடு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? பெல்லின் உள்பக்கம் வாயால் ஆவி ஊதுங்கள். உலோகம் குளிர்ந்திருக்க வேண்டும், காலை நேரம் நல்லது. ஆவி படிந்து மெல்ல விலகும்போது, கோடு இருந்தால் அந்த இடம் மற்றதிலிருந்து மாறித் தெரியும், பெல்லின் அடியிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய வரியாக. முதலில் பழகிக்கொள்வதற்காக என்னிடமிருந்த வேறு ஒரு மஞ்சள் பித்தளை கார்னெட்டில் (டிரம்பெட் போன்ற கருவி) ஊதிப் பார்த்தேன், கோடு பளிச்சென்று வந்தது. நண்பருடையதில் ஊதினேன், ஆவி சீராகப் படிந்து சீராக விலகியது. டார்ச்சை உள்ளே சாய்த்து வைத்தும் பார்த்தேன், பெல்லை முழுச் சுற்று திருப்பியும் பார்த்தேன். கோடு எங்கேயும் இல்லை. லாக்கர் மறைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். உள்பக்கம் லாக்கர் உரிந்து வெறும் உலோகம் தெரிகிற பட்டை ஒன்று நல்ல வேளையாக இருந்தது, அங்கேயும் இல்லை.

அடுத்து, மங்கிப்போன பொறிப்பு. அறையை இருட்டாக்கி, டார்ச்சை பெல்லின் மேல் கிட்டத்தட்டப் படுக்க வைத்தேன், வெளிச்சம் மேற்பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி. நேர் வெளிச்சத்தில் வெறும் பளபளப்பாக இருந்த இடத்தில் நிழல்கள் எழுந்தன. டார்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினால் ஒரு கோணத்தில் செங்குத்துக் கோடுகள், இன்னொரு கோணத்தில் வளைவுகள், எல்லாம் ஒன்றாக ஒருபோதும் தெரியாது. அதனால் கேமராவை அசையாமல் நிறுத்தி வெவ்வேறு கோணங்களில் படம் எடுத்து, காகிதத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்துகொண்டே வந்தேன். கடைசி நான்கு எழுத்துகள் தெளிவாகக் கிடைத்தன: ஆர், ஐ, ஓ, என். அதற்கு முன்னால் பி மாதிரி ஒரு தடம். இது போதும்.

ஆக, கோப்ரியான். கானில் அந்த பெல் போட்ட மாடல் 12பி. ஆனால் கோப்ரியான் பெல் போட்ட டிரம்பெட் 12பி மட்டுமில்லை. 1950களின் நடுவில் கான் மாணவர்களுக்காகக் கொண்டுவந்த "டைரக்டர்" வரிசையிலும் 18பி என்று செம்பு பெல் வைத்தது உண்டு. அந்த வரிசையில் பெல்லிலேயே "டைரக்டர்" என்று பொறித்திருப்பார்கள். நம்ம பெல்லில் எவ்வளவு சாய்த்துப் பார்த்தும் அந்தச் சொல்லுக்கான தடம் தென்படவில்லை. தேய்த்த பெல்லில் "தென்படவில்லை" என்பது "இல்லை" என்பதற்குச் சமம் ஆகாது, அதனால் இதை முழுச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

இப்போதுதான் சீரியல் எண்ணுக்கு வந்தேன். ஆறு இலக்கம். மறு லாக்கர் போட்டவர் இங்கேயும் தன் கைவரிசையைக் காட்டியிருந்தார், முதல் இலக்கம் 3-ஆ 8-ஆ என்று வெறும் கண்ணுக்குப் புரியவில்லை. இந்த ஒரு இலக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கானின் வரிசையில் 8 லட்சம் என்றால் 1960-ஐ ஒட்டியது, டைரக்டர் காலம். 3 லட்சத்தின் பின்பகுதி என்றால் 1950-ஐ ஒட்டியது, 12பி காலம். எடுத்தவுடன் எண்ணைப் பார்த்திருந்தால் ஏதோ ஒன்றைப் படித்து அதையே நம்பியிருப்போம், பட்டியல் இரண்டுக்கும் ஒரு ஆண்டைத் தந்துவிடும், அதற்கென்ன.

மெல்லிய காகிதத்தை வால்வின் மேல் இறுக்கிச் சுற்றி, மென்மையான பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்த்தேன். பளபளப்பு ஏமாற்றும், காகிதத்துக்குப் பளபளப்பு கிடையாது. பள்ளம் இருக்கும் இடம் வெள்ளையாக நிற்கும். முதல் இலக்கத்தின் இடது பக்கம் மேலும் கீழும் திறந்திருந்தது. அதே எண்ணில் பின்னால் ஒரு 8 இருந்தது நல்லதாகப் போயிற்று, அதன் இரண்டு வட்டங்களும் மூடியிருந்தன. ஒரே ஆள் ஒரே அச்சுத் தொகுப்பால் அடித்த எண்கள் என்பதால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. 3 தான்.

ஆக இது கான் 12பி கோப்ரியான், 1950-க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. துல்லியமான ஆண்டு சொல்லும்படி நண்பர் நச்சரித்தார், நான் சொல்லவில்லை. சீரியல் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஓரிரு வருஷம் வேறுபடும், எண் பொறித்த வால்வுத் தொகுதி முழுக் கருவியாகி வெளியே போகக் காலதாமதம் ஆகியிருக்கவும் கூடும். நூறு வருஷக் கதை போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "போருக்கு முந்தையதாகவாவது இருக்குமா" என்று கேட்டார். 1942 நடுவிலிருந்து அமெரிக்காவில் உலோகத்துக்குப் போர்க்காலக் கட்டுப்பாடு வந்து இசைக்கருவித் தொழிற்சாலைகள் போர்த் தளவாடங்களுக்கு மாறின, கானும் திசைகாட்டி, உயரமானி என்று செய்துகொண்டிருந்தது. ஆகவே போருக்கு முந்தைய 12பி-க்கும் பிந்தைய 12பி-க்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு, இந்த எண் அந்த வெற்றிடத்துக்கு இந்தப் பக்கம்தான் விழுகிறது.

கருவியில் எது அசல், எது பிற்பாடு வந்தது என்பதையும் குறித்தேன். வால்வுகளுக்குள் ஏறி இறங்கும் மூன்று பிஸ்டன்களும் ஒரே குடும்பம், 1, 2, 3 என்ற எண்கள் ஒரே அச்சு, முலாம் தேய்ந்த விதமும் ஒன்றாக இருக்கிறது. விரல் பொத்தான்களில் மூன்றாவது மட்டும் பிளாஸ்டிக், மற்ற இரண்டும் சிப்பி, பூதக்கண்ணாடியில் அடுக்கடுக்காகத் தெரியும். பெட்டியையும் அதனுள் கிடந்த மவுத்பீஸையும் நான் சாட்சியாகவே எடுப்பதில்லை, அவை எந்தக் கருவியோடும் எப்போது வேண்டுமானாலும் சேரக்கூடியவை.

ஒரு விஷயம் கவலை தருகிறது. மவுத்பீஸிலிருந்து போகும் முதல் குழாயின் அடிப்பக்கம் இளஞ்சிவப்புப் புள்ளிகள், சிலவற்றைச் சுற்றிக் கருமையான வளையம். இது துத்தநாகம் கரைந்து வெளியேறிச் செம்பு மட்டும் சல்லடையாக நிற்பதன் அடையாளம், மூச்சின் ஈரம் தங்கித் தங்கி உள்ளிருந்து அரித்து வருவது. பெல்லுக்கு இந்த நோய் வராது, அங்கே கரைவதற்குத் துத்தநாகமே இல்லை. குழாய்க்கு வரும், வந்திருக்கிறது. உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்த்தேன், இன்னும் ஓட்டை விழவில்லை. நகத்தால் அழுத்தினால் உள்வாங்கவும் இல்லை. மாற்றுவதென்றால் தாங்கிகளின் பற்றவைப்பை உருக்கிப் பிரிக்க வேண்டும், அந்தச் சூட்டில் பக்கத்து லாக்கர் கருகும், அசல் குழாயும் போய்விடும். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். வாசித்து முடித்ததும் தண்ணீரை வடித்து, குழாய்க்குள் துணி இழுத்து உலர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மற்றபடி வால்வு ஸ்பிரிங்குகள் சோர்ந்துவிட்டன, விரல் பொத்தான்களுக்கு அடியில் இருக்க வேண்டிய ஃபெல்ட் வளையங்கள் பொடிப்பொடியாக உதிர்கின்றன. அவை போனதால் பிஸ்டன்கள் சரியான உயரத்தில் நிற்காமல் துளைகள் விலகுகின்றன, அதனால் இரண்டாவது வால்வை அழுத்தும்போது சத்தம் அமுங்குகிறது. புது ஃபெல்ட் வெட்டிப் போட்டு உயரத்தைச் சரிசெய்வதுதான் அடுத்த வேலை. பென்சில் தேய்த்த காகிதத்தை மடித்து, "12பி, 1950 வாக்கில், பொத்தான் 3 அசல் இல்லை, மறு லாக்கர்" என்று பின்னால் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.